கொழும்புக்குப் பெட்டி ஏற்றிய மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்தேன். இலங்கை, 5 இரவு 6 பகல், டிசம்பர் கடைசி வாரம், பத்து ஊர். "எப்படி இருக்கு, பார்த்துச் சொல்லு" என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே அத்தையிடம் கொடுத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இதே நோட்டீஸைக் கையில் வைத்திருக்கிறவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன்.

பணம் கட்டிவிடாதீர்கள்.

போன ஜனவரியில் நான் போனதும் இப்படி ஒன்றில்தான். தமிழ்நாட்டில் பாதிதானே, வளைத்து வளைத்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். மலைப்பாதையில் 100 கிலோமீட்டர் போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நான் அதிகம் பார்த்தது வேனின் முன்சீட்டு முதுகை. கண்டியில் புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்கு 40 நிமிஷம் கொடுத்தார்கள். வழியில் மசாலாத் தோட்டம் என்று ஓர் இடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்து, முட்டிவலித் தைலத்தை என் தலையில் கட்டினார்கள். அத்தைக்கு வாங்கிவந்தேனே, அதேதான்.

நீங்கள் ஹார்பரில் 34 வருஷம் வேலை பார்த்தவர். இங்கே ஏறுகிற கன்டெய்னர் பெட்டிகளில் பல கொழும்பில் இறங்கி, அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் ஐரோப்பா போகும் என்று சின்ன வயதில் எனக்குச் சொன்னதே நீங்கள்தான். அப்படிப்பட்ட உங்களுக்கு அந்த நோட்டீஸில், கிழக்குக் கரைத் துறைமுகமான திருகோணமலை இல்லை. எனக்குக் கோபமே வந்தது.

நம் துறைமுகம் கல்லைக் கொட்டிக் கட்டியது. 1881 புயல் அதையும் ஒருமுறை வாரிக்கொண்டு போனது. திரும்பக் கட்டினார்கள். தெற்கிலிருந்து வருகிற மணலை அந்தச் சுவர் தடுத்தது. மெரினா அகலமானது, நம் பக்கம் கரை தேய்ந்தது. இன்றைக்கும் காசிமேட்டிலிருந்து வடக்கே கருங்கல்லைப் போட்டுத்தான் கடலை நிறுத்தி வைத்திருக்கிறோம். திருகோணமலையில் அந்தத் தொல்லையே இல்லை. கடல் தானாக உள்ளே வந்து, குன்றுகளுக்கு நடுவில், ஆழமாக, அலையில்லாமல் படுத்திருக்கிறது. போர்த்துகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அத்தனை பேரும் இதற்காகத்தான் அடித்துக்கொண்டார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் இங்கேதான். மெட்ராஸே காலியாகி ஜனம் ஊர் ஊராக ஓடியதும் அதே ஏப்ரலில்.

ஊரின் முனையில் கோட்டை. அதற்குள் புள்ளிமான்கள் ஆடு மாதிரி திரிகின்றன. கோட்டை வழியாக ஏறினால் பாறை உச்சியில் கோணேஸ்வரம், சம்பந்தர் பதிகம் பாடிய தலம். பழைய கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்து, அந்தக் கல்லையே கோட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். கடலுக்குள் போன தூண்களையும் கற்களையும் 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளியும் மூழ்கிப் பார்த்தார்கள். அறிவியல் கதைகள் எழுதிய அதே கிளார்க்தான், இலங்கையிலேயே குடியேறிவிட்டவர். ஊருக்கு வெளியே கன்னியா, ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி. அத்தையின் முட்டிக்குத் தைலத்தைவிட இது நல்லது.

ஆனால் டிசம்பரில் கிழக்குக் கரையில் மழை கொட்டும், நம் ஊர் வடகிழக்குப் பருவமழையேதான். மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் வெயில். தெற்கிலும் மேற்கிலும் தலைகீழ், டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே கடல் அமைதி. தெற்குக் கரை ஊர்களான காலி, மிரிஸ்ஸ, அங்கே பார்க்கிற நீலத்திமிங்கிலம் எல்லாம் அந்த மாதங்களுக்கு உரியவை. இரண்டு கரையையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைத்தால் ஒரு பக்கம் குடையோடு நிற்க வேண்டும்.

அதனால் ஆடியில் நம் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்ததும் கிளம்புங்கள். கொழும்பில் இறங்காமல் யாழ்ப்பாணத்துக்கு விமானம் பிடியுங்கள். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர் கந்தசாமி கோயிலில் கொடியேறும். அதிலிருந்து 25 நாள் திருவிழா. உள்ளே போக ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன். நூலகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1981 இல் எரித்தார்கள். 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகளும் சேர்த்து. கட்டடம் இப்போது வெள்ளையாக நிற்கிறது. முன்னால் நின்றபோது எனக்குப் பேச வரவில்லை.

திருகோணமலைக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். அங்கிருந்து பொலன்னறுவை. சிகிரியா வேண்டாமா என்பீர்கள். காசியப்பன் 5ஆம் நூற்றாண்டில் பாறை மேல் கட்டிய அரண்மனை, பாதி வழியில் அழியாத ஓவியங்கள், மேலே சிங்கத்தின் பாதங்கள், எல்லாம் உண்மை. ஆயிரத்துக்கும் மேல் படி என்பதும் உண்மை. நீங்கள் மட்டும் காலை ஏழு மணிக்கு ஏறிவிட்டு வாருங்கள், அத்தையை இழுக்காதீர்கள். பொலன்னறுவை சமதரை, நடக்க நடக்க நிழல். ராஜராஜன் காலத்தில் சோழர் பிடித்து, ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்துத் தலைநகராக்கிய ஊர் அது. அந்தக் காலத்துக் கற்கோயில் ஒன்று இன்னும் இருக்கிறது. வானவன்மாதேவி ஈஸ்வரம், ராஜேந்திரனின் அம்மா பெயர். இன்று அதற்குப் பெயர் சிவன் கோயில் எண் 2, ஏதோ குடோன் மாதிரி. கல் விகாரையில் ஒரே பாறையில் குடைந்த படுத்த புத்தர் 14 மீட்டர் நீளம். தலையணை அவர் தலைக்குக் கீழே லேசாக அமுங்கியிருக்கும், அதைக் கவனியுங்கள்.

கண்டியில் பெரஹரா என்கிற யானை ஊர்வல நாட்களாக இருந்தால் அறை வாடகை எகிறும், ஒரு நாள் போதும். அங்கே உள்ள ஏரியை வெட்டியவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பழைய பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். 1815 இல் ஆங்கிலேயர் பிடித்து, கடைசியில் நம் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 இல் அங்கேயே இறந்தார். சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. வேலூருக்கு மாசம் ஒருமுறை போய்வருகிற நீங்கள் அதைப் பார்த்ததில்லை என்று பந்தயம் கட்டுகிறேன்.

கண்டியிலிருந்து நானுஓயாவரை ரயில். சீட்டை முன்பே வாங்குங்கள். மழையில் மண் சரிந்து பாதை மூடுவதுண்டு, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தேயிலைக்கு நடுவே மெதுவாகப் போகும். இறங்கினால் தோட்டத்து மக்கள் தமிழில்தான் பேசுவார்கள். அந்த மலையைத் தேயிலைத் தோட்டமாக்கியதே நம் பக்கத்திலிருந்து போனவர்கள்தான், இவர்கள் அவர்களுடைய வம்சம். அதற்கும் அப்பால் எல்ல என்கிற ஊர், அங்கே உள்ள ஒன்பது வளைவுப் பாலம் எல்லாம் போட்டோவுக்கு. விட்டாலும் பரவாயில்லை.

கொழும்புக்குக் கடைசி ஒரு நாள். தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து காலியில் நிறுத்தியது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுத்து. அப்போது அந்தக் கடலில் வியாபாரம் செய்ய எந்த மொழிகள் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது! அந்தக் கல் பிறகு சாக்கடைப் பாலத்துக்கு மூடியாகக் கிடந்து, 1911 இல் கண்டெடுக்கப்பட்டது. எங்கள் வேன் அருங்காட்சியகத்தைக் கடந்து போனது, நிற்கவில்லை. சாயங்காலம் காலி முகத் திடலில் இறால் வடை சாப்பிடுங்கள். காசிமேட்டு இறாலைவிட நன்றாக இருக்கிறது என்று மட்டும் ஊருக்கு வந்து சொல்லாதீர்கள்.

மொத்தம் ஒன்பது நாள், ஐந்து ஊர், ஒரு ரயில். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். பாஸ்போர்ட் காலாவதி தேதியைப் பார்த்து வையுங்கள், அத்தையுடையதையும். நோட்டீஸைத் தூக்கிப் போடாமல் ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள், பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும், அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.

உங்கள் அக்கா மகள்