படிவத்தை மூடி வைத்துவிட்டுப் பேசப் பழக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சமூகப்பணி படிக்கும் மாணவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அந்தத் துறைக்காரன் இல்லை, வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்த்துவரும் தொண்டூழியர், அவ்வளவுதான். களப்பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுடன் சில சமயம் கூடப் போவேன்.

நல்ல பிள்ளைகள், அதில் குறையே இல்லை. ஆனால் அண்மையில் ஒரு பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான், கதவு திறந்து கிடக்க, பக்கத்து வீட்டு அம்மா தாழ்வாரத்தில் துணி காயப்போட்டபடி காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, "பாட்டி, உங்க மகன் மாசம் எவ்வளவு குடுக்குறாரு?" என்று கேட்டுவிட்டார். "அவன் நல்லாத்தாம்மா பாத்துக்கிறான்" என்றார் பாட்டி, சட்டென்று. அது அப்படியே படிவத்தில் ஏறியது. மகன் வந்து எட்டிப்பார்த்து எவ்வளவு நாளாகிறது என்பது அந்த மாடிக்கே தெரியும்! காம்கேர் என்ற அரசாங்க நிதியுதவிக்குப் பிள்ளைகளின் ஆதரவு உண்டா என்றும் பார்ப்பார்கள், ஆகவே மானத்துக்காகச் சொன்ன அந்த ஒரு வரி பாட்டிக்கு வரவேண்டிய பணத்தையே தடுத்துவிடலாம். அப்புறம் கதவைச் சாத்தி, தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதையெல்லாம் பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

வகுப்பில் கூடப் படிப்பவர்களையே முதியவராக நடிக்கவைத்து, அதுவும் ஆங்கிலத்தில், பேசிப் பழகுகிறார்களாம். அந்தப் பெண்தான் சொன்னார். இங்கே சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் படிப்பு 1952லேயே தொடங்கிவிட்டது, இப்போது தேசியப் பல்கலைக்கழகம், சமூக அறிவியல் பல்கலைக்கழகம், நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி என்று பல இடங்களில் இருக்கிறது. இவர்கள் மூத்தோர் நிலையங்களில் கேரம் ஆடிக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிகளைக் கூப்பிட்டு, "நீங்க மறைச்சுப் பேசுங்க, பிள்ளைங்க கண்டுபிடிக்கட்டும்" என்று பயிற்சி வைக்கக்கூடாதா? தமிழில், மலாயில், ஹொக்கியனில். களப்பயிற்சிக்கு அனுப்பும் முன்பே, முதலாண்டிலேயே. நம்மாட்களுக்கு நடிக்கச் சொல்லியா தர வேண்டும்!

"இதெல்லாம் ஓய்வு நேரத்துல செய்யலாமே, இதுக்கு எதுக்குப் பட்டம்?" என்று கேட்கும் பெற்றோரையும் அன்று அந்த வீட்டில் உட்காரவைத்திருக்க வேண்டும், சரி, அது வேறு பேச்சு.

பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் கொடுத்தால் போதும். எங்கள் புளோக்கிலிருந்தே பத்துப் பேரை நான் கூட்டி வருகிறேன், சாப்பாட்டில் காரம் மட்டும் குறைவாக இருக்கட்டும்.

தொண்டூழியர் ஒருவர்,
பிடோக்