இன்று இரவு 12 மணிக்குள் ஸ்லைட் போக வேண்டும், எல்லோரும் பார்க்கவும்

வணக்கம். போட்டிக்கு அனுப்பும் நம்முடைய தேயிலைக் கொழுந்து நிறுவைச் செயலிக்கான 10 ஸ்லைடில் 7 முடிந்துவிட்டன. ஹட்டனில் மத்தியானத்திலிருந்து மழை, இரண்டு தடவை கரண்ட் போனது. காலையில் தருவதாகச் சொன்ன பிரதி அதனால்தான் தாமதம், மன்னிக்கவும்.

முதல் ஸ்லைடை மாற்றிவிட்டேன். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து தொடங்கியிருந்தோம். அது நடுவர்களுக்குத் தெரிந்த கதை. இப்போது தராசடியில் நிற்கும் ஒரு அக்காவிடமிருந்து தொடங்குகிறது. ஈரத்துக்கு எத்தனை கிலோ கழித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது, நிறை எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். எங்கள் அம்மா லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து விரல்விட்டு அந்தக் கணக்கைப் பார்ப்பார். இந்த ஸ்லைடில் ஒரு வரியைக்கூடக் குறைக்க எனக்கு மனமில்லை.

கணக்கு ஸ்லைடில் ஒரு பிழை இருக்கிறது. பச்சைக் கொழுந்தையும் தேயிலைத் தூளையும் ஒரே கிலோவாகப் போட்டிருக்கிறோம். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும். தம்பி, அதை உடனே திருத்திவிடுங்கள். பண்டாரவளைத் தங்கச்சி சிங்கள வரிகளைப் பார்த்தால் போதும், மற்றது எதுவும் வேண்டாம்.

சரி, 10.30க்குப் பிறகு யாரும் கோப்பில் கை வைக்க வேண்டாம். 11 மணிக்கு பிடிஎஃப் ஆக்குகிறேன். எனக்கு சிக்னல் போனால் தலவாக்கலையில் இருக்கும் அண்ணா பதிவேற்றுவார், கடவுச்சொல்லை அவருக்குத் தனியாக அனுப்பிவிட்டேன்.