வானொலிக்கும் நாலு வரி இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குத் தினமும் முக்கால் பக்கம் ஒதுக்குகிறீர்கள். முன்பெல்லாம் அதே பக்கத்தின் அடியில் வானொலி நிகழ்ச்சிகளும் வரும். அது எப்போது நின்றது என்று எனக்கே நினைவில்லை. நின்றதைக் கவனிக்காமல் இருந்த குற்றம் எனக்கும் உண்டு. போன வியாழக்கிழமை ஒரு நாள் முழுக்க வானொலி கேட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 33 வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வெளியூர் அழைப்பை ஆபரேட்டர்தான் இணைத்துத் தரும் ட்ரங்க் கால் காலத்து ஆள். முகம் தெரியாத குரல்களோடுதான் என் பிழைப்பு. மகன் வீட்டுக்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் வந்து ஆறு வாரம் ஆகிறது. இங்கே டிவி ரிமோட்டில் எதை அழுத்தினாலும் கடவுச்சொல் கேட்கிறது. சமையலறையில் மருமகள் வைத்திருக்கும் சின்ன ரேடியோவுக்கு ஒரே ஒரு குமிழ். திருகினால் பிபிசி ரேடியோ 4. பாட்டுக்கென்று இல்லாமல் பேச்சுக்கென்றே நடக்கும் நிலையம். 1967 வரை ஹோம் சர்வீஸ் என்று பெயராம். விளம்பரம் ஒன்றுகூடக் கிடையாது.

ஐந்து மணிக்கு விழித்துப் பழகிய உடம்பு. எல்லோரும் தூங்குகிறார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்தேன். ஒரு பெண் நிதானமாக ஏதோ பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்: வைக்கிங், டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட், லண்டி, ஃபாஸ்ட்நெட். ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசை, வேகம், மழை உண்டா, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று நாலு சொல். கப்பல்களுக்கான வானிலை அறிக்கையாம். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதியாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஃபினிஸ்டெர் என்று இருந்த ஒரு பகுதிக்கு, வானிலைத் துறையைத் தொடங்கிய ஃபிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரியின் பெயரை 2002-இல் சூட்டினார்களாம். ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவு இல்லை. லைனில் மூன்று நிமிடத்துக்குள் பேசி முடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தவளுக்கு அந்தச் சிக்கனம் எவ்வளவு பிடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் விவசாயச் செய்தி. ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை 'டுடே' என்ற செய்தி நிகழ்ச்சி. அமைச்சர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் குறுக்கே குறுக்கே கேட்கிறார்கள். கொஞ்சம் அதிகமாகவே குறுக்கிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். நடுவில் இரண்டு மூன்று நிமிடம் யாராவது ஒரு மதத்தைச் சேர்ந்தவர் அன்றைய சிந்தனை சொல்கிறார். உடனே திரும்பவும் சண்டை.

மணி அடிக்கும் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. முழு மணிக்கு முன்னால் ஐந்து குட்டி 'பிப்', ஆறாவது மட்டும் நீளம். அந்த நீளம் தொடங்கும் கணம்தான் சரியான மணி. பிப் 1924 முதல் உண்டு, ஆறாவதை நீளமாக்கியது பிற்பாடு. பேத்தியின் அறையில் டிஜிட்டல் ரேடியோ இருக்கிறது. அதில் அதே பிப் சில விநாடி பிந்தி வருகிறது. சமையலறையில் எட்டு மணி ஆன பிறகு மாடியில் எட்டு மணி ஆகிறது! புதிய கருவிதான் தாமதம் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஒன்பது மணிக்கு ஒரே தலைப்பில் பேராசிரியர்கள் மூன்று பேர். எனக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் எழுந்து போகத் தோன்றவில்லை. பிறகு பெண்களுக்கான நிகழ்ச்சி. 1946-இல் ஆரம்பித்தபோது அதை நடத்தியவர் ஒரு ஆண் என்று மருமகள் சொல்லிச் சிரித்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு, முந்தின நாள் சாயங்காலம் வந்த 'தி ஆர்ச்சர்ஸ்' மறு ஒலிபரப்பு. ஒரு கற்பனைக் கிராமத்தின் குடும்பக் கதை. 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கக் கேட்கிறார்கள். போர் முடிந்தும் உணவுப் பொருளுக்கு ரேஷன் இருந்த நாட்கள் அவை. நல்ல விவசாய முறைகளைக் கதையோடு கதையாகச் சொல்லத்தான் தொடங்கியிருக்கிறார்கள். பிரசங்கம் செய்திருந்தால் எவன் கேட்டிருப்பான்? இந்தப் பர்மிங்ஹாமில்தான் பதிவு செய்கிறார்களாம். பண்ணை வாயிற்கதவு கிறீச்சிடுவதற்குப் பழைய இஸ்திரி மேஜையை மடக்கி விரிப்பார்களாம். ஆட்டுக்குட்டி பிறக்கும் சத்தத்துக்கு ஈரத்துண்டும் தயிரும். காதுக்குத் தயிர்கூட ஆட்டுக்குட்டிதான்.

ஐந்து மணிச் செய்தியின்போது மகன் வந்துவிட்டான். ஆறு மணிக்கு லண்டன் மணிக்கூண்டின் பிக் பென் மணியை நேரடியாக ஒலிபரப்பினார்கள். இரவு பத்தே முக்காலுக்கு யாரோ ஒரு நாவலை வாசித்தார்கள். படுக்கும் நேரத்தில் புத்தகம் வாசிப்பது 1949-லிருந்து நடக்கிறதாம். கடைசியாக, நள்ளிரவு தாண்டி மறுபடியும் அந்தக் கப்பல் அறிக்கை. அதற்கு முன்னால் தாலாட்டு மாதிரி ஒரு சின்ன இசை. பிறகு தேசிய கீதம். அதோடு நிலையம் தூங்கப் போனது, நானும் போனேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் இதையெல்லாம் தவறவிடாமல் கேட்டதற்குக் காரணம், மருமகள் ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்த ஒரு பக்கம். 'ரேடியோ டைம்ஸ்' இதழிலிருந்து கிழித்த அன்றைய நிகழ்ச்சி நிரல். அந்த இதழ் பிறந்த கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நிகழ்ச்சி விவரம் போட வேண்டுமானால் விளம்பரக் கட்டணம் தர வேண்டும் என்று 1923-இல் பத்திரிகை முதலாளிகள் மிரட்டினார்கள். அதன் பிறகு பிபிசி தானே ஒரு இதழ் தொடங்கிவிட்டது. அது பின்னாளில் இந்த நாட்டில் பல லட்சம் விற்றது.

நம் ஊரிலும் வானொலியில் நாடகம், உரை, விவசாயச் செய்தி எல்லாம் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எந்த நேரத்தில் எது என்று தெரியாமல், குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறோம். தொலைக்காட்சிப் பட்டியலில் ஒரே படம் மூன்று சேனலில் வருவதாக மூன்று முறை அச்சிடுகிறீர்களே, அதில் ஒன்றை எடுத்துவிட்டால் நாலு வரி கிடைக்கும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவில் இரண்டு. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், கேட்பவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். 1923-இல் கேட்டது போல் கட்டணம் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
முகாம்: பர்மிங்ஹாம்