செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நகர்வாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி தாக்கல் செய்ய வேண்டிய படிவங்கள் உரிய காலத்தில் தாக்கலாகிவிட்டன. மழைநீர் வடிகால் தூர்வாரும் பணி பருவமழைக்கு முன்பே முடிந்தது. கடைசித் தெரு மட்டும் பாக்கி. தெருவிளக்கு, தெருநாய், குடிநீர் ஆகியவற்றைப் பற்றி எழுதினால் சென்ற ஆண்டு அறிக்கையை அப்படியே படியெடுக்க வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இந்த ஆண்டு செயற்குழுவின் பொழுதை அதிகம் விழுங்கியது ட்ரோன்.

மே மாதக் கத்திரி வெயிலில், இரண்டாவது தெரு வீடொன்றின் மொட்டை மாடியில் வடாம் பிழிந்து காயவைத்திருந்தார்கள். அதன் நடுவில் ஒரு ட்ரோன் வந்து விழுந்தது. இறக்கை ஒன்று முறிந்து, ஈரம் காயாத ஜவ்வரிசி வடாமில் செங்குத்தாக நின்றது. பேட்டரி உப்பியிருந்ததால் அதை மணல் வாளியில் போட்டு வைத்தோம். பதிவு எண் எதுவும் அதில் இல்லை. உரிமை கோரியும் யாரும் வரவில்லை. காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டோம். நகர் முழுவதும் இது வேடிக்கைக் கதையாகப் பரவியது. அந்த வீட்டு அம்மாள் வடாம் பிழிந்துவிட்டுக் கீழே இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது என்பதைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் நகர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். மாடியில் நின்றால் ஒரு பக்கம் பரங்கிமலை, மறுபக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். காற்றின் திசையைப் பொறுத்து, தரையிறங்கும் விமானங்கள் நம் தலைக்கு மேலேயே போகின்றன. வழக்கமான மூன்று டிகிரிச் சரிவில் இறங்கும் விமானம், சக்கரம் தரை தொடும் இடத்துக்கு 1.85 கிலோமீட்டர் முன்னால் ஏறக்குறைய 300 அடி உயரத்தில்தான் இருக்கும். தடையற்ற பகுதிகளில் ட்ரோனுக்கு அனுமதிக்கப்பட்ட உயரமோ 400 அடி. நமக்கு ஏன் தனிக் கட்டுப்பாடு என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

2021 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கின்றன. பச்சையில் முன் அனுமதி வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதித்தால்தான் உண்டு. விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் பச்சையே தொடங்குகிறது. அங்கும் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான். ஓடுபாதையிலிருந்து அளப்பதில்லை, சுவரிலிருந்து. அந்தச் சுவர் நமக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆவணி முகூர்த்தத்தில் நான்காவது தெருவில் ஒரு புதுமனை புகுவிழா. வீடியோ எடுக்க வந்த தம்பி தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று ட்ரோனைக் கிளப்பினார். எதிர்வீட்டு மாடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் கீழே ஓடிவந்து சத்தம் போட்டார்கள். நம் துணைத் தலைவர் போய்க் கேட்டதற்கு, “சார், இது 249 கிராம்தான். இதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்” என்று பதில் வந்தது. இந்தப் பதிலை இந்த ஆண்டில் பலரிடம் கேட்டுவிட்டோம். இது பாதி உண்மை. 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகை ட்ரோனை இயக்குபவருக்குச் சான்றிதழ் தேவையில்லை. மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்பதற்கு எடை கணக்கில் வராது. சிவப்பு வானத்தில் 249 கிராமும் 2 கிலோவும் ஒன்றுதான். துணைத் தலைவர் கைப்பேசியில், ட்ரோன்களுக்கான மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தின் வரைபடத்தைத் திறந்து, அந்தத் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது என்று காட்டினார். தம்பி மறுபேச்சில்லாமல் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ட்ரோன் காட்சி உண்டா என்று கேட்டுத்தானே நாம் அட்வான்ஸ் கொடுக்கிறோம்? அப்போதே, இந்த இடத்தில் எடுக்க அனுமதி இருக்கிறதா என்றும் கேட்டிருந்தால் விழா வீட்டில் சங்கடம் வந்திருக்காது.

மனை விற்பனைக்காகப் படம் எடுப்பவர்கள் மீதும் புகார்கள் வந்தன. பெண்களின் அந்தரங்கத்தை அவர்களுக்குத் தெரியாமல் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவின்படி குற்றம். கேமரா கையில் இருந்தாலும் வானத்தில் இருந்தாலும் சட்டம் ஒன்றே.

ட்ரோனே கூடாது என்பது நம் நிலைப்பாடு அல்ல. அடையாறு, கூவம் கரைகளில் கொசுப்புழு மருந்து தெளிக்க மாநகராட்சி அதைப் பயன்படுத்தியிருக்கிறது. அடையாறில் காவல்துறைக்கே ட்ரோன் பிரிவு இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி வளாகத்தில் படிக்கும் நம் நகர்ப் பிள்ளைகள் சிலருக்கு அதுதான் பாடமே. முப்படைகளைத் தவிர மற்ற அனைவரையும் இந்த விதிகள் கட்டுப்படுத்துகின்றன என்பதை மட்டுமே நினைவூட்டுகிறோம்.

விதி தெளிவாக இருக்கிறது. அமல்படுத்துவது யார் என்பதில்தான் இழுபறி. காவல் நிலையத்துக்குப் போனால் விமானத்துறையைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே எழுதினால், உள்ளூர்க் காவல்துறையை அணுகுங்கள் என்று பதில் வருகிறது. முக்கியப் பிரமுகர் வருகையின்போது மட்டும் ட்ரோன் தடை அறிவிப்பு உடனே வருகிறது, உடனே அமலாகிறது. மற்ற நாட்களுக்கும் அந்த வேகத்தில் கொஞ்சம் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

ஆகவே நம் கையில் இருப்பது எது என்று செயற்குழு யோசித்தது. வானம் நம்முடையதல்ல. ஆனால் எந்த ட்ரோனும் ஒரு மாடியிலிருந்தோ திடலிலிருந்தோதான் கிளம்ப வேண்டும். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்து பெரும்பாலும் அங்கேயே இறங்க வேண்டும். மாடிக் கதவின் சாவி நம்மிடம்தான் இருக்கிறது. அதனால் செயற்குழு ஒரு தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறது: அடுக்ககங்களின் பொது மாடி, பூங்கா, சங்கக் கட்டடம் ஆகியவற்றிலிருந்து, எழுத்துபூர்வமான அனுமதியைக் காட்டாத எவரும் ட்ரோன் ஏற்றக் கூடாது. தனி வீட்டுக்காரர்களுக்கு இது வேண்டுகோள். அவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.

புகார் தருபவர்களுக்கு ஒரு யோசனை. மேலே பறப்பதைப் படம் எடுத்தால் ஒரு புள்ளிதான் தெரியும். சுற்றுமுற்றும் பார்த்து, ரிமோட் பிடித்திருப்பவரைத் தேடுங்கள். பெரும்பாலும் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பார். நாள், நேரம், எந்த மாடி என்று குறித்துக்கொடுத்தால் போலீசாருக்கும் விசாரிக்க எளிது.

உறுப்பினர் ஒருவர், தம் பேரனின் மாஞ்சா நூலால் ட்ரோனை வீழ்த்தித் தருவதாக முன்வந்தார். ஆர்வத்துக்கு நன்றி. மாஞ்சாவுக்கே சென்னையில் தடை இருக்கிறது. பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் வழக்கு நம் மீது திரும்பும். அறுந்து விழுவதும் நம் தலையில்தான் விழும். கல் எறிவதற்கும் இதுவே பதில்.

தீர்மானம் நிறைவேறினால், மாடிக் கதவுகளில் ஒட்டுவதற்கான அறிவிப்பு அச்சுக்குத் தயாராக உள்ளது. ஒத்துழைத்த செயற்குழுவினருக்கும், மணல் வாளியுடன் ஓடிவந்த காவலாளிக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்