வலக்கை, இடக்கை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிச் சொன்னதற்கு, நான் "ஆமாம், இங்கே நல்ல மழை" என்றேனாம். உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டாள். காது மெஷின் வாங்கச் சொன்ன உன்மேல் எரிந்து விழுந்தது என் தப்புதான்.

அதன்பிறகு, உன் சின்சினாட்டியில் பேஸ்பால் ஆடிய வில்லியம் ஹோய் என்பவரைப் பற்றிப் படித்தேன். 1862இல் ஒஹையோவில் பிறந்தவர். மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் காது போயிற்று. செருப்புக் கடை வைத்திருந்தவர், 1888இல் வாஷிங்டன் அணிக்கு வந்த முதல் ஆண்டிலேயே 82 பேஸ்களைத் 'திருடினார்'. ஓடுபவர் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ்கள்; பந்து வீசும் பிட்சர் அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதுதான் அந்தத் திருட்டு.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. பந்து அடிக்கத் தக்கதாக வந்தும் அடிக்காமல் விட்டால் 'ஸ்டிரைக்', எல்லைக்கு வெளியே போனால் 'பால்' என்பார் அம்பயர். அவர் சொன்னது ஸ்டிரைக்கா, பாலா என்பது ஹோய்க்குக் கேட்காது. திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் பிட்சர் அடுத்த பந்தை வீசிவிடுவார். சின்ன லீகில் இப்படித் திண்டாடியவர், மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் பயிற்சியாளரிடம் ஓர் உதவி கேட்டார்: ஸ்டிரைக் என்றால் வலக்கையைத் தூக்கு, பால் என்றால் இடக்கை. இன்றைய அம்பயர்களின் சைகையே இவரால் வந்தது என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வாய்விட்டு, இல்லை, எழுதிக்காட்டியோ என்னவோ, கேட்டாரே, அதுதான் பெரிது.

1889 ஜூன் 19 அன்று ஒரே ஆட்டத்தில், மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டிலிருந்து எறிந்தே மூன்று பேரை, ரன் எடுக்க ஓடிவந்து தொடும் ஹோம் பிளேட்டில் அவுட்டாக்கினார். பந்தைப் பிடித்தவர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி அங்கே நிற்கும் கேட்சர், கோனி மேக். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிந்து மூன்று ரன் அவுட் என்று வைத்துக்கொள்.

பேச்சில்லாதவர்களை அக்காலத்தில் அழைத்தபடி 'டம்மி' என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. வில்லியம் என்று கூப்பிட்டவர்களைக்கூட அவரே திருத்துவாராம். எனக்கு அந்த மனசு கிடையாது. என்னை 'டமாரம்' என்ற எதிர்வீட்டுக்காரரிடம் இன்னும் நான் பேசுவதில்லை.

1961இல், 99ஆம் வயதில், பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஆட்டமொன்றுக்காக உங்கள் ஊர் கிராஸ்லி ஃபீல்டில் முதல் பந்தை எறிந்தார். அந்த டிசம்பரிலேயே காலமானார். மைதானமும் இப்போது இல்லையாமே? அது இருந்த இடம் தெரிந்தால் ஒருமுறை போய்ப் பார்த்து எழுது.

புதன்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். மெஷின் வரும்வரை வீடியோவில் மட்டும் பேசு. ஆமாம் என்றால் வலக்கை, இல்லை என்றால் இடக்கை. அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். காபி வேண்டுமா என்று கேட்கவும் அவள் கையைத்தான் தூக்குகிறாள்.

அன்புடன்,
அப்பா