பூஜ்யத்தை எழுதி வைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் ஆய்விதழின் இந்தத் தொகுதியில் வண்ணத்துப்பூச்சிப் பன்மை, வினையூக்க வேதியியல், இளையோர் அடையாளம் என்று மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஆசிரியர்களின் பெயர்கள் தலைப்பின் கீழேயே இருக்கின்றன. அவர்களுக்கு உரிய பாராட்டு எப்படியும் போய்ச் சேரும். பெயர் அச்சில் வராத உங்களுக்காகவே இந்த மடல்.

முதல் வணக்கம் களத்தில் நடந்தவர்களுக்கு. சூழலியலாளர் எர்னி பொல்லார்டு வகுத்த நடைக் கணக்கெடுப்பு முறையைத்தான் பின்பற்றினீர்கள். பிரிட்டனின் வண்ணத்துப்பூச்சிக் கண்காணிப்புத் திட்டம் 1976 முதல் நம்பியிருக்கும் முறை அது. ஒரே பாதை, சீரான நடை, இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் 5 மீட்டர். அந்த எல்லைக்கு அப்பால் எத்தனை அரிய பூச்சி பறந்தாலும் கணக்கில் சேராது. பூச்சிகளை நேசிப்பவர்களுக்கு அது எவ்வளவு கடினமான கட்டுப்பாடு என்பது எனக்குத் தெரியும். அதைவிடக் கடினமானது, ஒன்றுமே தென்படாத நாளில் படிவத்தில் பூஜ்யம் போடுவது. வெயில் இருந்தது, காற்று அடங்கியிருந்தது, பூச்சி மட்டும் இல்லை. அந்தத் தாளைக் கொடுக்காமல் விட்டிருந்தால், இனம் அங்கே இல்லாமல் போனதா, ஆள் போகவில்லையா என்று பின்னால் யாராலும் பிரித்தறிய முடியாது. நீங்கள் ஒரு தாளையும் விடவில்லை.

இறக்கையின் அடிப்புறம் தெரியாத படங்களுக்கு இனப்பெயர் சொல்ல மறுத்து, பேரினத்தோடு நிறுத்திக்கொண்ட வல்லுநர்களே, உங்களுக்கும் நன்றி. தாவரவியல் நண்பர்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். வளர்ந்த பூச்சி பல பூக்களில் தேன் குடிக்கும். அதன் புழுவோ பெரும்பாலும் ஒருசில செடிகளின் இலையை மட்டுமே தின்னும். நீங்கள் அந்தச் செடிகளை அடையாளம் காட்டிய பிறகுதான் எண்ணிக்கைகளுக்குப் பொருள் கிடைத்தது.

ஆய்வகத்திலும் இதே நேர்மையைப் பார்த்தேன். அதே வெப்பநிலை, அதே கரைப்பான், அதே நேரம், வினையூக்கி மட்டும் இல்லை: இப்படி வெற்றுச் சோதனைகளைச் சலிக்காமல் ஓட்டிய தொழில்நுட்பர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். இரண்டு கரிம மூலக்கூறுகளை ஒன்றாக இணைக்கும் சுசுகி இணைப்பு வினைக்கு வழக்கமாகப் பல்லேடியம் என்ற உலோகமே வினையூக்கி. உலோகமே இல்லாமல் அந்த வினை நடக்கிறது என்று 2003இல் ஒரு குழு அறிவித்தது. 2005இல் அதே குழு மீண்டும் ஆராய்ந்து, தாங்கள் பயன்படுத்திய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு அளவுக்கு இருந்த பல்லேடியமே காரணமாக இருக்கலாம் என்று வெளியிட்டது. வேதியியலில் நான் மிகவும் மதிக்கும் திருத்தம் அது. வினையை நடத்துவது திடவினையூக்கிதானா, அதிலிருந்து கரைந்து வந்த உலோகமா என்று அறிய, அதைச் சூட்டோடு வடிகட்டி எடுத்துவிட்டு, வடிநீரில் வினை தொடர்கிறதா என்று பார்க்கச் சொன்ன மதிப்பீட்டாளருக்கும் நன்றி. கட்டுரை தாமதமானது, தாமதமானது நல்லதே.

மூன்றாவது கட்டுரையின் கடன் வேறு வகை. நேர்காணலுக்கு வந்த இளையோரே, நீங்கள் கொடுத்தது உங்கள் சொந்த வாழ்க்கையை. உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இல் வகுத்த நான்கு அடையாள நிலைகளில் ஒன்று, எதிலும் இன்னும் உறுதிகொள்ளாமல் தேடிக்கொண்டிருப்பது. கேள்வி கேட்பவரைத் திருப்திப்படுத்த ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடலாம். உங்களில் பலர் “இன்னும் தெரியவில்லை” என்றீர்கள். அந்தப் பதிலை அப்படியே பதிவுசெய்தோம். கட்டுரையின் மிக வலுவான பகுதி அதிலிருந்துதான் வந்தது. ஒலிப்பதிவை எழுத்தாக்கியவர்கள் நீண்ட மௌனங்களையும் குறித்திருந்தார்கள், அதற்கும் நன்றி. பாதியில் விலகிக்கொண்டவர்களே, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்கவில்லை. உங்கள் பதிவுகளை அழித்துவிட்டோம். வந்து உட்கார்ந்து பேசிய நேரத்துக்கு உங்களுக்கும் நன்றி.

களப் படிவங்களும் வெற்றுச் சோதனை முடிவுகளும் தரவுக் கோப்பில் முழுமையாக இருக்கும், பூஜ்யங்கள் உட்பட. நேர்காணல்களை மட்டும் பொதுவில் வைக்க மாட்டோம். பங்கேற்றவர்களுக்கு வாக்களித்தபடி முடிவுகளின் சுருக்கம், அவரவர் விரும்பிய வழியில், கட்டுரை வெளியாகும் முன்பே வந்து சேரும்.

மிக்க நன்றியுடன்,
பதிப்பாசிரியர்