பிரேக் விஷயமாக

கண்ணு,

நீ போய் 18 நாளாகிறது. போனை எடுக்கவில்லை. ‘வேலை இருக்குப்பா’ என்று ஒரு வரி வந்தது, சரி. அம்மா நன்றாக இருக்கிறாள். இது உன் வண்டி பிரேக் விஷயம்.

காலையில் கிளப்புவதற்கு முன், இன்ஜின் ஓடாமல் இருக்கும்போது பெடலை நாலைந்து தடவை அமுக்கு. கெட்டியாகும். அப்புறம் காலை எடுக்காமல் ஒரே அழுத்தமாக அரை நிமிஷம் வைத்திரு. நின்றால் சரி. மெல்ல இறங்கிக்கொண்டே போனால் முதலில் டப்பாவில் ஆயில் மட்டத்தைப் பார், நாலு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரம் இருக்கிறதா பார். ஒன்றும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர்தான், நீ மிதிப்பதை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்குத் தள்ளுகிறதே, அது. உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவுகிறது. வெளியே ஒரு சொட்டு வராது. மேலோட்டமாகப் பார்ப்பவன் ‘எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று அனுப்பிவிடுவான். மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் இறங்குவது வேறு. அது மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டர், அதற்குப் பயப்படாதே.

பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு தடவை பம்ப் செய்தால் மேலே வருகிறதா? பெரும்பாலும் ஆயில் குழாயில் ஏர் ஏறியிருக்கும். ஆயில் பழசானாலும் தொல்லைதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 என்கிற தரத்து ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் 140 வரைதான். வால்பாறை மழை உனக்குத் தெரியும். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அது கொதித்து ஆவியாகும், பெடல் தரையைத் தொடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கடைசியாக உன் கல்யாணத்துக்கு முன்னால் நான் மாற்றியது. அதற்கப்புறம் யாராவது மாற்றினார்களா?

ஏறின கியரிலேயே இறங்கு. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

நீ அந்த ரோட்டில் தனியாக ஓட்டுகிறாய் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எதையும் வாய் திறந்து சொல்லமாட்டாய், சின்ன வயதிலிருந்தே.

பொங்கலுக்கு வந்தபோது வண்டியை வேப்பமரத்தடிக்கு நகர்த்தினேன் அல்லவா? கேட் அருகே மிதித்தபடி நின்றேன். கால் இறங்கியது. எனக்குத் தெரிந்தது கண்ணு. முப்பது வருஷமாக இந்தக் கால் அதைத்தானே பார்க்கிறது. ஸ்பேனர் எடுக்க டிக்கியைத் திறந்தேன். இரண்டு நாளைக்கு வந்தவள் சர்டிபிகேட் பையும் குளிர்காலத் துணியும் எதற்குக் கொண்டுவந்தாய் என்று நினைத்தேன். ‘அவருக்கு லீவு இல்லை’ என்று நீ சொல்லியிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது. டிக்கியை மூடினேன். ஸ்பேனரையும் எடுக்கவில்லை, பிரேக்கைப் பற்றியும் பேசவில்லை. பேச ஆரம்பித்தால் மற்றதையும் கேட்க வேண்டியிருக்குமே என்றுதான். மறுநாள் அந்த வண்டியிலேயே உன்னை மலை ஏற விட்டேன். நீ போய்ச் சேர்ந்தேன் என்று சொல்கிற வரை பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு இது தெரியாது.

வண்டியை எடுக்காதே. வாஷர் கிட் மட்டும் போட்டால் போதும் என்பார்கள், உள்சுவரில் கீறல் இருந்தால் அது நிற்காது. முழு சிலிண்டரே வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஏர் எடுக்கும்போது பெடலை மிதிக்க ஒரு ஆள் வேண்டும், நீ வீட்டில் இரு.

மாடி அறையை அம்மா கழுவி வைத்திருக்கிறாள். சும்மாதான்.

அப்பா